மார்ஷலுக்கு வந்தது புண்ணா, அழற்சியா?

ஊருணிக்கரை (கானாடுகாத்தான்):
சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் நூலகத்து வாசகர் கூட்டத்தில், புதிதாகக் கண்டறியப்படும் ஒரு நுண்ணுயிரி மனித நோய்க்குக் காரணமா இல்லையா என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள் என்று ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர் பேசினார். இந்தக் குழுவில் 'வளவு வீடு' என்ற பெயரில் எழுதுபவர் அவர்தான். உரையின் சுருக்கத்தை நேற்று இங்கேயும் இட்டிருக்கிறார். அதில் உள்ள வாக்கியம் இது: "ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷல் 1984இல் கிருமியைக் குடித்தார், குடல்புண் வந்தது, நிரூபணம் முடிந்தது, எந்தப் புதிய கிருமிக்கும் இந்த ஒரு சோதனை போதும்."

படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. ஹெலிகோபேக்டர் என்ற அந்த இரைப்பைப் பாக்டீரியாவைக் குடித்த மார்ஷலுக்குப் புண் வரவில்லை. அவருக்கு வந்தது இரைப்பை அழற்சி, அதாவது இரைப்பையின் உட்புறம் சிவந்து வீங்குவது. முப்பத்தொரு ஆண்டுகள் ஆய்வுக்கூடத்தில் ஸ்லைடும் கிருமி வளர்க்கும் தட்டுமாக வாழ்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அழற்சி வேறு, புண் வேறு. நாற்பது பேர் உட்கார்ந்து கேட்ட கூட்டத்தில், பள்ளிப் பிள்ளைகளும் இருந்த இடத்தில், நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்லி, அதன்மேல் ஒரு விதியையும் கட்டிவிட்டுப் போவது சரியன்று.

வளவு வீடு (காரைக்குடி):
என் உரை ஒன்றேகால் மணி நேரம் நீண்டது. அதில் ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தனி விவாதமே தொடங்கியிருக்கிறீர்கள். குடல்புண் என்று நம் மக்கள் சொல்வது நெஞ்செரிச்சல், வயிற்றுவலி, புளியேப்பம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான். அழற்சி முற்றினால் புண். பூவுக்கும் பிஞ்சுக்கும் உள்ள தூரம்தான் இரண்டுக்கும். நானும் முப்பத்து நான்கு ஆண்டுகள் வகுப்பில் நின்றவன். பொதுமக்களுக்கு எப்படிச் சொன்னால் விளங்கும் என்பதை ஆய்வுக்கூடத்தில் தட்டுக் கழுவியவர்களிடம் நான் கற்க வேண்டியதில்லை. மார்ஷல் குடித்தார், அவருக்கு நோய் வந்தது, 2005இல் அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இந்த மூன்றில் எது பொய் என்று சொல்லுங்கள்.

ஊருணிக்கரை:
தட்டுக் கழுவினேன் என்பதில் எனக்கு இழுக்கு ஒன்றும் இல்லை. சரியாகக் கழுவாத தட்டு பொய் சொல்லும் என்பதை அங்கேதான் கற்றேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். பெர்த் நகர மருத்துவமனையில் நோய்க்குறியியல் வல்லுநராக இருந்த வாரன், 1979இல் இரைப்பையிலிருந்து எடுத்த சதைத் துணுக்கில் வளைந்த பாக்டீரியாக்களைப் பார்த்தார். அமிலம் நிறைந்த இரைப்பையில் எந்தக் கிருமியும் குடியிருக்காது என்று எல்லோரும் நம்பிய காலம் அது. 1981இல் மார்ஷல் அவருடன் சேர்ந்தார். இரைப்பைக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பிக்கு வந்த 100 நோயாளிகளிடம் அடுத்தடுத்துத் துணுக்கு எடுத்தார்கள். 58 பேரிடம் கிருமி தென்பட்டது, 11 பேருடைய துணுக்கிலிருந்துதான் அதை வளர்க்க முடிந்தது. அதுவும் முதலில் முப்பதுக்கு மேற்பட்ட தட்டுகள் இரண்டே நாளில் 'ஒன்றும் இல்லை' என்று தூக்கி எறியப்பட்டபின், 1982 ஈஸ்டர் விடுமுறையில் எடுப்பாரில்லாமல் ஐந்து நாள்கள் கிடந்த தட்டில்தான் முதல் வளர்ச்சி தெரிந்தது.

பிறகு 1984இல் மார்ஷல் குடித்தார். அதற்குமுன் தம் இரைப்பை நலமாக இருந்ததைக் குழாய் விட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டார். சில நாள்களில் வாந்தியும் வாய்நாற்றமும் வந்தன. பத்தாம் நாள் எடுத்த துணுக்கில் அழற்சி இருந்தது. பதினான்காம் நாள் அது பெரும்பாலும் தணிந்துவிட்டது. 1985இல் வெளியான கட்டுரையின் தலைப்பிலேயே அவர் 'முயற்சி' என்றுதான் எழுதினார். இந்த அழற்சி நாட்பட்ட தொற்றாக மாறிப் புண்ணுக்கு வழி வகுக்கலாம் என்பது ஒரு முன்மொழிவு என்றே முடித்தார். குடித்தவரே 'முயற்சி' என்று எழுதியதை நீங்கள் 'முடிந்தது' என்று எழுதுகிறீர்கள். புண் எங்கே?

பள்ளத்தூர் ஆச்சி:
இரண்டு பேரும் பெரியவர்கள். நான் இடையில் நுழைவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் அப்பச்சி மலேயாவின் ஈப்போவில் கடையில் இருந்தபோதே அவர்களுக்கு வயிற்றுவலி. ஊர் திரும்பியபின் பத்தாயத்துக்குப் பக்கத்தில் கிடந்த மரக்கட்டிலில் முழங்காலை நெஞ்சோடு சேர்த்து மடக்கிக்கொண்டு படுத்திருப்பார்கள். இரவு இரண்டு மணிக்கு ஆத்தா எழுந்து குமுட்டியில் பால் காய்ச்சிக் கொடுத்தால்தான் வலி கொஞ்சம் விடும். கவலைப்படுவதால் வருகிறது, காரத்தால் வருகிறது என்று சொல்லி எங்கள் வீட்டில் மிளகாயையே நிறுத்தினார்கள். செட்டிநாட்டு வீட்டில் மிளகாய் அரைக்காத அம்மியை எண்ணிப் பாருங்கள். 1974இல் மதுரையில் இரைப்பையில் பாதியை வெட்டி எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர்கள் ஒரு முழு இட்லி சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. பாதிதான், அதுவும் கரைத்து.

ஒரு கிருமிதான் காரணம் என்று யாராவது பத்தாண்டு முன்னதாகக் குடித்துக் காட்டியிருந்தால், இரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டு அப்பச்சி எழுந்து உட்கார்ந்திருப்பார்கள். அதனால் வளவு வீட்டார் பக்கம்தான் என் மனம் சாய்கிறது. மார்ஷலுக்கு வந்தது புண்ணா, வீக்கமா என்ற கணக்கு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

வளவு வீடு:
ஆச்சி சொன்னதைவிட நான் கூடுதலாகச் சொல்ல ஒன்றுமில்லை. மனிதருடைய துன்பம் தெரிந்தவர்களுக்கு என் வாக்கியம் விளங்குகிறது.

தேவகோட்டை மாணவன்:
ஐயா இருவருக்கும் வணக்கம். நான் நுண்ணுயிரியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். குடிப்பது, விலங்குக்கு ஊசி போடுவது எல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் அறிஞர் ராபர்ட் கோக் காலத்து வழிமுறை. நோயாளியிடம் கிருமி இருக்க வேண்டும், அதைத் தனியாக வளர்க்க வேண்டும், வளர்த்ததை நலமான உயிருக்குச் செலுத்தினால் அதே நோய் வர வேண்டும் என்ற அந்த விதிகளை வைத்துப் பார்த்தால் தொழுநோய்க்குக் கிருமியே காரணமில்லை என்றாகிவிடும். ஹான்சன் 1873இல் கண்ட அந்தக் கிருமியை இன்றுவரை செயற்கை ஊட்டத்தில் யாரும் வளர்க்கவில்லை. குடலைத் தாக்கும் அரிய நோயான விப்பிள் நோயின் பாக்டீரியாவை 1992இல் மரபணு வரிசையைக் கொண்டே அடையாளம் கண்டார்கள், வளர்த்தது 2000இல்தான். 1996இல் ஃப்ரெட்ரிக்ஸ், ரெல்மன் என்ற ஆய்வாளர்கள் மரபணு வரிசையை அடிப்படையாகக் கொண்டு விதிகளையே திருத்தி எழுதினார்கள். ஆகவே இக்காலத்தில் யாரும் எதையும் குடிக்க வேண்டியதில்லை. இருவரும் நாற்பது ஆண்டுப் பழைய தாளை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள்.

ஊருணிக்கரை:
தம்பி, பழைய தாள் என்று ஒதுக்குவதற்கு முன் இதைக் கேளுங்கள். 1997இல் ஜப்பானில், காரணம் தெரியாத கல்லீரல் அழற்சி கொண்ட ஒரு நோயாளியின் இரத்தத்தில் புதிய வைரஸ் ஒன்றின் மரபணு கிடைத்தது. அந்த நோயாளியின் பெயரெழுத்துகளைக் கொண்டே அதற்கு டிடி வைரஸ் என்று பெயர் வைத்தார்கள். புதிய கல்லீரல் வைரஸ் கிடைத்துவிட்டது என்று உலகமே பேசியது. பிறகு நலமானவர்களின் இரத்தத்தில் தேடினார்கள். பெரும்பாலானவர்களிடம் இருந்தது. கல்லீரலை அது கெடுப்பதாக இன்றுவரை நிலைநாட்டப்படவில்லை. உங்கள் மரபணு வரிசை சொல்வது 'இருக்கிறது' என்பதை மட்டும்தான். 'செய்தது' என்பதைச் சொல்ல வேறு சான்று வேண்டும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையைப் பிரித்தறியத்தானே இத்தனை பாடும்?

ஆச்சி அவர்களுக்கு: அப்பச்சி பட்ட பாட்டைப் படித்து வருந்தினேன். ஆனால் அவர்களுக்கு இருந்தது புண். மார்ஷலுக்கு இருந்தது அழற்சி. அப்பச்சியைப் போன்றவர்களைக் காப்பாற்றிய சான்று 1984இல் குடித்த கோப்பையில் இல்லை. அது 1988இல் வந்தது. அதே பெர்த்தில், சிறுகுடலின் தொடக்கத்தில் புண் கண்ட 100 நோயாளிகள். யாருக்கு உண்மை மருந்து, யாருக்கு வெறும் மாத்திரை என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. கிருமி ஒழிந்தவர்களில் 92 விழுக்காட்டினருக்குப் புண் ஆறியது. ஓராண்டுக்குள் 21 விழுக்காட்டினருக்கே திரும்ப வந்தது. கிருமி ஒழியாதவர்களில் 61 விழுக்காட்டினருக்கு ஆறியது. 84 விழுக்காட்டினருக்குத் திரும்ப வந்துவிட்டது. எண்பத்து நான்குக்கும் இருபத்தொன்றுக்கும் உள்ள இந்த வேறுபாடுதான் நிரூபணம். ஒரு மனிதர் குடித்து வாந்தி எடுத்ததில் இப்படி ஓர் எண் கிடைக்குமா?

வளவு வீடு:
குடித்ததால்தானே உலகம் திரும்பிப் பார்த்தது? பன்றிக்குட்டிகளில் முயன்று தோற்றபின், வேறு வழியின்றித் தம் உடலையே கொடுத்தவரை 'வாந்தி எடுத்தார்' என்று ஒரு சொல்லில் தள்ளுகிறீர்கள். இது உங்களுக்குப் புதிதன்று. சென்ற ஆண்டு ஊருணித் தண்ணீரில் கிருமி இருக்கிறது என்று ஊரெல்லாம் தாள் ஒட்டி, படித்துறையில் குளிக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதும் நீங்கள்தான். ஒருவருக்காவது நோய் வந்ததா? வரவில்லை. அன்று 'இருக்கிறது, ஆகவே ஆபத்து' என்றவர் இன்று 'இருந்தால் போதாது' என்கிறீர்கள். எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஊருணிக்கரை:
ஊருணியை இழுப்பீர்கள் என்று தெரியும். அந்தக் கோபம் உங்களுக்கு ஓராண்டாக இருக்கிறது. நான் சோதித்தது புதிய கிருமி எதையும் அன்று. மலக்கழிவு தண்ணீரில் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் கோலிஃபார்ம் சோதனை அது. ஊதா நிற ஊட்டக் கரைசலில் தண்ணீரை விட்டு, உள்ளே ஒரு சிறு குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்போம். மறுநாள் ஊதா மஞ்சளாகி, கவிழ்ந்த குழாயின் தலையில் காற்றுக்குமிழி நின்றால் ஐயம் எழும். பத்துக் குழாயில் ஒன்பதில் குமிழி நின்றதை என் கண்ணால் பார்த்தேன். அதற்கும் மேற்சோதனை செய்துதான் தாள் ஒட்டினேன். தாளில் 'நோய் வரும்' என்று எழுதவில்லை, 'கழிவு கலந்திருக்கிறது, குடிக்க வேண்டாம்' என்றே எழுதினேன். யாருக்கும் நோய் வரவில்லை என்கிறீர்களே, யாரைக் கணக்கெடுத்தீர்கள்?

குளத்தைப் பற்றிப் பேசுவதானால் கோக்கைப் பற்றியும் பேச வேண்டும். 1884இல் கல்கத்தாவில் அவர் வாந்திபேதிக் கிருமியை நோயாளிகளின் குடலில் மட்டுமன்று, சுற்றியிருந்தவர்கள் குடிக்கவும் துவைக்கவும் பயன்படுத்திய குளத்து நீரிலும் கண்டார். அப்போதும் பலர் ஏற்கவில்லை. மியூனிக்கில் பெட்டன்கோஃபர் என்ற முதுபெரும் மருத்துவ அறிஞர், கிருமி மட்டும் போதாது என்று காட்டுவதற்காக 1892இல் வாந்திபேதிக் கிருமி வளர்ந்த கரைசலைக் குடித்தார். இரைப்பை அமிலம் கொன்றுவிட்டது என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று சோடா உப்பும் சேர்த்துக்கொண்டார். லேசான வயிற்றுப்போக்கோடு பிழைத்துக்கொண்டு, தம் வாதம் வென்றது என்றார். உங்கள் விதிப்படி, ஒருவர் குடித்துப் பார்த்தால் போதுமென்றால், வாந்திபேதிக்குக் கிருமி காரணமில்லை என்று 1892இலேயே முடிந்திருக்க வேண்டும். அந்தக் கிருமி வெளிவிடும் நஞ்சுதான் குடலிலிருந்து நீரை இறைக்கிறது என்பதைக் கல்கத்தாவைச் சேர்ந்த சம்புநாத் டே முயலின் குடலில் சோதனை செய்து நிலைநாட்டியது 1950களில். கிருமி நீக்கிய வடிகரைசலே அதைச் செய்யும் என்ற அவருடைய கட்டுரை வெளிவந்தது 1959இல். கோக் கண்டதிலிருந்து எழுபத்தைந்து ஆண்டுகள். நம் நாட்டில் நடந்த அந்த வேலையைப் பற்றி உங்கள் ஒன்றேகால் மணி நேர உரையில் ஒரு வரிகூட இல்லை.

வளவு வீடு:
பெட்டன்கோஃபருக்கு வயிற்றுப்போக்கு வந்தது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அவருடைய மாணவர் எம்மரிக்கும் குடித்தார். அவருக்கு இன்னும் கடுமையாக வந்தது. ஆகக் குடித்தவர்களுக்கு நோய் வந்திருக்கிறது. என் வாக்கியத்துக்கு நீங்களே சான்று சேர்க்கிறீர்கள், நன்றி. சம்புநாத் டேயைப் பற்றி அடுத்த மாதம் பேசுவதாக இருக்கிறேன். அழைப்பிதழைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

புதுவயல் மருந்துக்கடை:
ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன். இந்த உரைச் சுருக்கம் வாட்ஸ்ஆப்பில் வந்ததிலிருந்து, 'கிருமியைக் கொல்லும் அல்சர் மாத்திரை கொடுங்கள்' என்று சீட்டு இல்லாமல் கேட்டு நான்கு பேர் வந்துவிட்டார்கள். உலகில் ஏறத்தாழப் பாதிப் பேர் இந்தக் கிருமியை வயிற்றில் சுமப்பவர்கள்; அவர்களில் சிறு பகுதியினருக்கே புண் வருகிறது. மூட்டுவலி மாத்திரையைத் தொடர்ந்து விழுங்குவதாலும் புண் வருகிறது. சோதனை செய்யாமல் ஆன்டிபயாடிக் கொடுத்தால் மருந்துக்கு அசையாத கிருமிதான் மிஞ்சும். எனக்கு வியாபாரம்தான், ஆனாலும் கொடுக்கவில்லை.

ஊருணிக்கரை:
மருந்துக்கடைத் தம்பி சொன்னதை எல்லோரும் இரண்டு முறை படிக்க வேண்டும். ஒரு சொல் பிசகியதால் நான்கு பேர் சீட்டில்லாமல் வந்து நின்றிருக்கிறார்கள். சோதனை கடினமானதும் இல்லை. எண்டோஸ்கோப்பியில் எடுத்த கடுகளவு துணுக்கை மஞ்சள் நிறக் கூழில் வைப்போம். கூழில் யூரியா இருக்கும். இந்தக் கிருமி யூரியாவை உடைத்து அம்மோனியாவை உண்டாக்கும். அமிலத்துக்குள் அது பிழைத்திருப்பதும் அந்த வித்தையால்தான். துணுக்கைச் சுற்றி முதலில் ஒரு மெல்லிய ரோஜா நிற வளையம் தோன்றும், பிறகு கூழ் முழுவதும் சிவக்கும். நூற்றுக்கணக்கான முறை அந்த வளையம் விரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். வளையம் விரிந்தவர்களில் புண் இருந்தவர்களும் உண்டு, அழற்சி மட்டும் இருந்தவர்களும் உண்டு. கிருமி ஒன்றே, நிலை வேறு. இதைத்தான் முதல் நாளிலிருந்து சொல்கிறேன்.

பள்ளத்தூர் ஆச்சி:
எண்ணெல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஊருணிக்கரை அண்ணன் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லவில்லை. மார்ஷல் குடித்தது 1984. அமெரிக்காவில் வல்லுநர்கள் கூடி, புண் உள்ளவர்களுக்குக் கிருமியைக் கொல்லும் மருந்து கொடுங்கள் என்று அறிவித்தது 1994. நடுவில் பத்தாண்டுகள். அந்தப் பத்தாண்டில் எத்தனை வீட்டில் எத்தனை பேர் முழங்காலை மடக்கிக்கொண்டு படுத்திருப்பார்கள்? நூற்றுக்கு நூறு தெரியட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு வயிறு வலிப்பதில்லை.

ஊருணிக்கரை:
ஆச்சி, நியாயமான கேள்வி. 1988இல் எண் வந்தபின்னும் ஆறாண்டுகள் தாமதித்தது தவறு என்றே நானும் சொல்வேன். ஆனால் காத்திராமல் ஓடியவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதையும் கேளுங்கள்.

எக்ஸ்எம்ஆர்வி என்றொரு வைரஸ். 2006இல் புராஸ்டேட் புற்றுநோயாளிகளின் திசுவில் கண்டதாக அறிவித்தார்கள். 2009இல், ஆண்டுக்கணக்காக எழுந்து நடமாட முடியாமல் முடக்கும் நாட்பட்ட சோர்வு நோய் கொண்ட 101 பேரில் 68 பேரிடமும், நலமான 218 பேரில் 8 பேரிடமும் அது இருப்பதாக உலகின் முதன்மையான இதழ் ஒன்றில் கட்டுரை வந்தது. அறுபத்தேழு விழுக்காடு. 'உனக்கு இருப்பது மனக்கோளாறு' என்று கேட்டுக்கேட்டு நொந்திருந்த அந்த நோயாளிகள் அடைந்த ஆறுதலை எண்ணிப் பாருங்கள். சிலர் எச்ஐவிக்கு உரிய மருந்துகளைச் சாப்பிடத் தொடங்கினார்கள். சில நாடுகளில் அவர்களிடம் இரத்ததானம் பெறுவதை நிறுத்தினார்கள்.

பிறகு பல ஆய்வுக்கூடங்கள் தேடின; கிடைக்கவில்லை. கிடைத்த சில இடங்களில் எலியின் மரபணுவும் சேர்ந்தே கிடைத்தது. மனிதப் புற்றுத்திசுவை எலிகளில் மாற்றி மாற்றி வளர்த்தபோது, எலியின் இரண்டு பழைய வைரஸ் துண்டுகள் இணைந்து ஆய்வுக்கூடத்திலேயே பிறந்த வைரஸ் அது என்று 2011இல் காட்டினார்கள். ஒன்பது ஆய்வுக்கூடங்களுக்கு மாதிரிகளை எண் மட்டும் இட்டு அனுப்பினார்கள். எது நோயாளியுடையது, எது நலமானவருடையது என்பதை ஒன்றாலும் நம்பகமாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 2011 இறுதியில் அந்த இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. 2012இல் 147 நோயாளிகளையும் 146 நலமானவர்களையும் கொண்டு நடந்த ஆய்வில், முதல் கட்டுரையை எழுதியவர்களும் பங்கேற்றார்கள். ஒருவர் இரத்தத்திலும் வைரஸ் இல்லை. அந்த நோயாளிகளுக்கும் உடம்பு வலித்தது, ஆச்சி. அவர்களுக்குக் கிடைத்தது மூன்றாண்டுப் பொய் நம்பிக்கை. இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது. அதனால்தான் ஒரு சொல்லுக்காக இத்தனை தூரம் நிற்கிறேன்.

தேவகோட்டை மாணவன்:
அது மாதிரியில் கலப்படம் நேர்ந்ததால் வந்த வினை ஐயா. மரபணு முறையின் குறை அன்று. கலப்படத்தைக் கண்டுபிடித்ததும் அதே மரபணு முறைதான். ஒரு கத்தி கையை வெட்டியதற்காக அரிவாள்மனையில் காய் நறுக்குவதா?

ஊருணிக்கரை:
எங்கள் வீட்டில் இன்றும் அரிவாள்மனைதான், தம்பி. கலப்படமே இல்லாத எடுத்துக்காட்டு ஒன்று தருகிறேன். கிளமிடியா நிமோனியே என்ற பாக்டீரியாவை மாரடைப்புக்குக் காரணமான தமனிப் படிவுகளில் 1990களில் கண்டார்கள். மெய்யாகவே அங்கே இருந்தது. கிருமியைக் கொன்றால் மாரடைப்பு குறையும் என்று நம்பி, இதய நோய் உள்ள 4,012 பேருக்கு ஓராண்டு முழுவதும் வாரந்தோறும் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கோ வெறும் மாத்திரையோ கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2005இல் வந்தது. இரு தரப்பிலும் வேறுபாடு இல்லை. இருந்தது, ஆனால் அந்த மருந்தால் எதுவும் மாறவில்லை. ஹெலிகோபேக்டரைக் கொன்றால் புண் திரும்புவது வெகுவாகக் குறைந்தது. இங்கே மருந்து கொடுத்தும் மாரடைப்பு குறையவில்லை. இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் எந்தப் புதிய கிருமியின்மேலும் பழி போடக் கூடாது.

வளவு வீடு:
நேற்று இரவு முழுவதும் தேடி ஒன்றைக் கண்டேன். 1987இல் நியூசிலாந்தைச் சேர்ந்த ஆர்தர் மோரிஸ் என்பவரும் இதே கிருமியைக் குடித்தார். மார்ஷலுக்குப் பதினான்கு நாளில் தணிந்தது என்று சொல்லிச் சொல்லி எங்களை மடக்கினீர்களே, மோரிசுக்குத் தணியவில்லை. தொற்று நாட்பட்டு நின்றது, அதை ஒழிக்கவே பெரும்பாடு பட்டார்கள். இப்போது என்ன சொல்லப் போகிறீர்கள்? ஒருவர் அல்லர், இருவர். எப்பொழுதும் நீங்கள் ஒருவரே படித்தவர் என்ற நினைப்பை இனியாவது விடுங்கள்.

ஊருணிக்கரை:
மோரிசின் சோதனையை நானும் படித்திருக்கிறேன். தொற்று நீடித்தது என்பது முற்றிலும் உண்மை. மார்ஷலின் சோதனையைவிட வலுவான சான்று என்றே அதை மதிக்கிறேன். அவருக்கு நீடித்தது எது? இரைப்பை அழற்சி. இரண்டு பேர் குடித்தார்கள், இரண்டு பேருக்கும் அழற்சி. புண் எங்கே?

வளவு வீடு:
உங்களோடு பேசிப் பயனில்லை. அறுபது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் 'அழற்சி' என்று சொல்லிப் பாருங்கள், ஒருவன் நிமிர்ந்து பார்க்க மாட்டான்.

பள்ளத்தூர் ஆச்சி:
என் பேத்தி ஒன்பதாம் வகுப்பு. இதையெல்லாம் படித்துவிட்டு, அழற்சி என்றால் தோல் சிவந்து வீங்குவது, புண் என்றால் தோலே போய்விடுவது, அப்படித்தானே ஆயா என்று கேட்டாள். பிள்ளைகளுக்கு விளங்கத்தான் செய்கிறது. ஆனாலும் பத்தாண்டுக் கணக்கை நான் விடுவதாக இல்லை.

ஊருணிக்கரை:
ஆச்சியின் பேத்திக்கு என் வாழ்த்து. இரைப்பையில் தோல் என்பதற்குப் பதிலாக உட்சவ்வு என்று சொல்லிக்கொடுங்கள். மற்றது அத்தனையும் சரி.

வளவு வீட்டாருக்கு: இன்று காலை உரைச் சுருக்கத்தை மீண்டும் திறந்து பார்த்தேன். "குடல்புண் வந்தது" என்றிருந்த இடத்தில் இப்போது "நோய் வந்தது" என்றிருக்கிறது. திருத்தியதாக ஒரு குறிப்பும் இல்லை. அதற்கு அடுத்த வரியில் "இந்த ஒரு சோதனை போதும்" என்பது அப்படியே நிற்கிறது. எந்த நோய் வந்தது?